18-வது பிறந்தநாளோடு நின்றுபோன சிகிச்சை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வளரிளம் பருவத்து மனச்சோர்வு பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மன அழுத்தம் என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல் மனச்சோர்வு என்றே எழுதியதற்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். அழுத்தம் பரீட்சை முடிந்தால் இறங்கிவிடும், இது இறங்காது. ஆனால் கட்டுரை பள்ளிப் பருவத்தோடு நின்றுவிட்டது. எங்கள் வீட்டில் பெரிய கஷ்டமே அதற்கு அப்புறம்தான் வந்தது.

என் மகனுக்கு 16 வயதில் ஆரம்பித்தது. அழவில்லை. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தான். விடிய விடிய விழித்திருந்து பகலெல்லாம் தூங்கினான். வயசுக் கோளாறு, திமிர் என்று நினைத்துக்கொண்டோம். மூக்குக்கண்ணாடியின் ஒரு பக்கக் கம்பி ஒடிந்துபோக, அதில் டேப்பைச் சுற்றி நான்கு மாதம் அப்படியே மாட்டிக்கொண்டு திரிந்தான். "இதைச் சரிபண்ணக்கூட உடம்பு வணங்கலையா?" என்று நானே திட்டியிருக்கிறேன். டாக்டர் முதலில் கவனித்தது அந்தக் கண்ணாடியைத்தான். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார். இந்த வயதில் சோகம் பல நேரம் எரிச்சலாகத்தான் வெளியே வரும், சின்ன வேலைகூட மலையாகத் தெரியும், இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் சோம்பல் என்று விட்டுவிடக் கூடாது என்று விளக்கினார். வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்குப் பேச வாய் வரவில்லை.

ஆலோசனைக்குப் போனான், மாத்திரையும் எடுத்தான். மாத்திரை வேலை செய்யவே சில வாரம் ஆகும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் பொறுத்திருந்தோம். மெல்ல மெல்லத் தேறினான்.

18 முடிந்தது. இனி பெரியவர்கள் பிரிவுக்குப் போங்கள் என்று ஒரு சீட்டு கொடுத்தார்கள். இரண்டு வருடமாக அவனை அறிந்த டாக்டரோடு அன்றோடு தொடர்பு அறுந்தது. புது இடத்துக்கு அவன் ஃபைல் வந்து சேரவில்லை. "என்ன பிரச்சினை? முதலிலிருந்து சொல்லுங்கள்" என்றார்கள். "ஒண்ணுமில்லை" என்றான். என்னை வெளியே உட்காரச் சொன்னார்கள். அவன் பெரியவன், அது அவன் உரிமை, அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் வீட்டில் யாராவது ஒருவரிடம் பேசலாமா என்று அவனிடம் கேட்கக்கூட இல்லையே! அடுத்த முறை அவன் போகவில்லை. ஏழு மாதமாக மாத்திரையைத் தொடவே இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்று இரவு, சாகலாம் போல இருக்கிறதா என்று நேராகவே கேட்டேன். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று அதுவரை பயந்திருந்தேன். அப்படி ஆகாது என்பதுதான் மருத்துவம் சொல்வது. கேட்ட பிறகுதான் அவன் மனம் விட்டுப் பேசினான்.

அந்த வயதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கூடப் படித்தவர்கள் ஆளுக்கொரு திசையில் போய்விடுகிறார்கள். படிப்பு, வேலை என்று எல்லா முடிவும் மொத்தமாகத் தலையில் விழுகிறது. நான்கு நாள் வராவிட்டால் ஏன் என்று கேட்க வகுப்பாசிரியர்கூட இல்லை. யோசித்து முடிவெடுக்க உதவும் மூளையின் முன்பகுதியோ 25 வயதை ஒட்டித்தான் முழுதாக முதிர்கிறது. மனச்சோர்வு மாத்திரை தொடங்கும் நாட்களில் தற்கொலை எண்ணம் தலைதூக்குகிறதா என்று கவனிக்கச் சொல்லும் எச்சரிக்கையை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004-ல் சிறுவர்களையும் வளரிளம் பருவத்தினரையும் மனதில் வைத்துக் கொண்டுவந்தது. 2007-ல் அதை 24 வயது வரை நீட்டியது. மருந்து விஷயத்திலேயே 18-ஐ எல்லையாக வைக்க முடியவில்லை. சிகிச்சையை மட்டும் அந்தப் பிறந்தநாளில் வெட்டிவிடுவது என்ன நியாயம்?

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. பழைய டாக்டரும் புது டாக்டரும் ஒரே ஒரு முறையாவது பிள்ளையோடு சேர்ந்து உட்காரட்டும். நடந்ததை எழுதிக் கையோடு கொடுத்து அனுப்பட்டும். வராமல் போன பிள்ளைக்கு ஒரு போன் போடட்டும்.

மகனுக்கு இப்போது 21. மறுபடி சிகிச்சையில் இருக்கிறான். இதை அனுப்பலாமா என்று கேட்டேன். படித்துப் பார்த்துச் சரி என்றான். ஒரே ஒரு திருத்தம்தான் சொன்னான்: "ஏழு மாசம் இல்லைம்மா, ஒன்பது."

இப்படிக்கு,
ஒரு தாய்