ஞாயிறு சந்திப்பு தள்ளிப்போகிறது

கோத்தகிரி குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நம் பிள்ளைகளிடம் விமானி வேலை பற்றிப் பேச இருந்த, நம் டானிங்டன் பகுதிப் பெண்ணுக்கு லீவு கிடைக்கவில்லை. அமெரிக்காவில் துணை விமானி. "இத்தனை படித்தவளுக்கு நாலு நாள் தர மாட்டார்களா?" என்று நேற்று இரண்டு பேர் கேட்டார்கள். திறமைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அங்கே வேலையில் சேர்ந்த தேதிப்படி ஒவ்வொருவருக்கும் ஒரு சீனியாரிட்டி எண். எந்த ரக விமானம், எந்த ஊர் தளம், எந்தெந்த நாள் பறப்பது, எப்போது லீவு, எல்லாம் அந்த வரிசையில்தான். நம் டாக்சி ஸ்டாண்டில் சவாரி போய்வந்தவர் கடைசிக்குப் போவார். அங்கே முன்னால் நிற்பவர் ஓய்வு பெறும்வரை முன்னால்தான். 65 வயதில் ஒருவர் இறங்கினால் கீழே உள்ளவர்கள் ஒரு படி ஏறலாம். நிறுவனம் மாறினாலோ, எத்தனை வருட கேப்டனானாலும் மறுபடி அடியிலிருந்துதான். இது எனக்கு அநியாயமாகத்தான் படுகிறது.

இவள் வரிசையில் கீழே இருப்பதால் இப்போது ரிசர்வ், அதாவது கூப்பிட்டால் உடனே பறக்கப் போக வேண்டும். போன தீபாவளிக்கு வீடியோ காலில் வந்தபோது பின்னால் தேய்த்த சீருடை தொங்கியது, பெட்டி வாசலில் தயார். பேச்சு நடுவிலேயே அழைப்பு வந்து ஓடினாள். கேப்டன் வாய்ப்பு வந்தும் சிலர் வேண்டாம் என்பார்களாம்: கடைசி கேப்டனாகப் பண்டிகையெல்லாம் பறப்பதைவிட, மூத்த துணை விமானியாக வார இறுதியில் வீட்டில் இருக்கலாமே!

சரி, அவளுடைய அடுத்த மாத ரோஸ்டர் (பணி அட்டவணை) வந்ததும் புதிய தேதி சொல்கிறேன். ஹாலுக்குக் கொடுத்த முன்பணம் அப்படியே இருக்கிறது. பிள்ளைகளின் கேள்விகளை வியாழனுக்குள் எனக்குத் தனியாக அனுப்புங்கள், குழுவில் வேண்டாம்.