அமைச்சர் போகுமுன்

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மூத்தவளுக்குக் கல்யாணம் முற்றாகிவிட்டது என்று வாசித்து நாங்கள் இரண்டு பேரும் நல்ல சந்தோஷம். ஆவணியில் என்றால் எப்படியும் வந்து நிற்போம். ஓய்வு பெற்ற பிறகு எனக்கு நேரத்துக்குப் பஞ்சமில்லை.

டென்மார்க் மாதிரி ஒரு சின்ன நாட்டின் சொல், ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமையகம் இருக்கும் பிரசல்ஸில் எடுபடுமா என்று கேட்டிருந்தாய். எடுபடுவதும் உண்டு, எடுபடாததும் உண்டு. ஆனால் அந்தச் சொல் என்ன என்பதை அமைச்சர் தனியாகத் தீர்மானிக்க முடியாது. இங்கத்தைய பாராளுமன்றத்தில் ஐரோப்பிய விவகாரக் குழு என்று ஒன்று இருக்கிறது. உறுப்பினர்கள் 17 பேர். ஐரோப்பிய ஒன்றியத்தில் முக்கியமான எதையும் பேசி முடிக்கப் போகும் அமைச்சர், போகுமுன் இவர்கள் முன்னால் வந்திருந்து என்ன கேட்கப் போகிறேன், எதுவரை விட்டுக்கொடுப்பேன் என்று சொல்லி ஆணை வாங்க வேண்டும். பெரும்பாலும் வெள்ளிக்கிழமைகளில்தான் கூட்டம். முன்பு மூடிய கதவுக்குள் நடந்ததை இப்போது நேரடியாகவே பார்க்கலாம். நான் விடாமல் பார்க்கிறேன்.

அமைச்சர் சொல்லி முடித்ததும் ஒவ்வொரு கட்சியின் ஆளும் வரிசையாகக் கேள்வி கேட்பார்கள். ஒருவர் சரி என்பார், இன்னொருவர் இந்த நிபந்தனையோடு என்றால் சரி என்பார். கையை உயர்த்தி எண்ணுவதில்லை. பேசுகிறவரின் பின்னால் அவருடைய கட்சிக்கு 179 ஆசனங்களில் எத்தனை இருக்கிறதோ, அத்தனையும் கணக்கில் வரும். கடைசியில் தலைவர் கூட்டிப் பார்த்து, "அரசாங்கத்தின் நிலைப்பாட்டுக்கு எதிராகப் பெரும்பான்மை இல்லை" என்று அறிவிப்பார். அந்த ஒரு வசனத்தோடுதான் அமைச்சர் விமானம் ஏறுகிறார். அங்கே போய் அதை மீற வேண்டி வந்தால், திரும்பவும் குழுவைக் கேட்க வேண்டும்.

இது சும்மா வந்த வழக்கமில்லை. டென்மார்க் 1973 ஜனவரி முதலாம் தேதி, இன்றைய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பிய சமூகத்தில் சேர்ந்தது. சேர்ந்த கையோடு, பன்றியிறைச்சி ஏற்றுமதியைப் பாதிக்கும் ஓர் உடன்பாட்டுக்கு விவசாய அமைச்சர் பிரசல்ஸில் தலையாட்டிவிட்டார். பாராளுமன்றம் கொதித்தது. பிரதமர் அங்கர் யோர்கென்சனின் சிறுபான்மை அரசாங்கம் கவிழப் பார்த்தது. அந்த மார்ச் மாதமே, முன்கூட்டி ஆணை வாங்கும் முறை எழுத்தில் வந்தது. அப்போது பெயர் சந்தைக் குழு. 1994இல்தான் இப்போதைய பெயர் வந்தது. இங்கே சிறுபான்மை அரசாங்கங்களே அதிகம் என்பதால், அமைச்சரால் இந்தக் குழுவைத் தட்டிக்கழிக்கவும் முடிவதில்லை.

குறை இல்லாமலில்லை. குழுவுக்கு விஷயம் வரும்போது, பிரசல்ஸில் அதிகாரிகள் மாதக்கணக்கில் பேசிப் பாதியை முடித்திருப்பார்கள். வந்து குவியும் தாள்களை 17 பேரும் வாசித்து முடிப்பார்களா என்பது எனக்கும் சந்தேகம்தான்.

இருந்தாலும் இந்தக் குழுவை நான் பெரிதாக மதிப்பதற்குக் காரணம் உனக்குத் தெரியும். 1987இல் நீதி அமைச்சர் நின்-ஹான்சன், இங்கு வந்திருந்த எங்கட ஆட்களின் குடும்பங்களை அழைக்கும் விண்ணப்பங்களைச் சட்டத்துக்கு மாறாகக் கிடப்பில் போட வைத்தார். விசாரணை அறிக்கை வந்தது 1993 ஜனவரியில். அன்றைக்கே பிரதமர் ஷ்லுட்டர் பதவி விலகினார். 1995இல் நின்-ஹான்சனுக்கு நான்கு மாத ஒத்திவைத்த தண்டனை. அரசாங்கமே விழுந்ததே என்று வெளியில் பெருமையாகச் சொல்வார்கள், அது நியாயம்தான். ஆனால் மனைவியும் பிள்ளைகளும் யாழ்ப்பாணத்தில் குண்டுக்கு நடுவில் நிற்க, இங்கே கடிதப்பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தவர்களுக்கு அந்தத் தீர்ப்பு எத்தனை வருஷம் பிந்தி வந்தது! அமைச்சரைப் பிறகு தண்டிக்கலாம். போன காலத்தை யாரும் தர மாட்டார்கள். அதனால்தான் முன்னாலேயே மறித்துக் கேட்கும் ஓர் அறை இருப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனம் நிறைகிறது. உள்நாட்டு விஷயங்களிலும் இப்படி ஒரு முறை இருந்திருக்க வேண்டும் என்று நினைப்பேன்.

பாராளுமன்றங்கள் ஒன்றுசேர்ந்தால் பலன் உண்டு என்பதற்கும் ஓர் உதாரணம். 2012இல் வேலைநிறுத்த உரிமை பற்றி ஐரோப்பிய ஆணையம் கொண்டுவந்த சட்டமூலத்துக்கு எதிராக உறுப்பு நாடுகளின் 12 பாராளுமன்றங்கள் எழுதின. முன்னுக்கு நின்றது டென்மார்க்தான். ஆணையம் அதைத் திரும்பப் பெற்றது.

சரி, மற்றதெல்லாம் நேரில் கதைப்போம். கல்யாணத் தேதி முடிவானதும் உடனே எழுது, டிக்கெட் போட வேண்டும். அம்மாவின் கண் சத்திரசிகிச்சை எப்படி முடிந்தது என்றும் மறக்காமல் எழுது.

உன் பழைய நண்பன்