பாஸ்ட்ராப் பூங்காவின் கல்கட்டு: முருகேசனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள முருகேசா,

நலம். உன் கடிதம் வந்தது. பழைய கட்டடங்களைப் பராமரிக்கும் பாடத்தை பாலிடெக்னிக்கில் உன்னிடம் ஒப்படைத்தது மிகவும் சந்தோஷம். மாணவர்களுக்குச் சொல்ல வெளிநாட்டு உதாரணம் ஒன்று கேட்டிருந்தாய். டெக்சாஸில் ஆஸ்டினுக்குத் தென்கிழக்கே சுமார் ஐம்பது கிலோமீட்டரில் உள்ள பாஸ்ட்ராப் மாநிலப் பூங்காவை எடுத்துக்கொள். கல், மரம், தீ, வெள்ளம் நான்கையும் ஒரே இடத்தில் வைத்துப் பாடம் நடத்தலாம்.

1933இல் அமெரிக்காவில் நாலு பேரில் ஒருவருக்கு வேலை இல்லை. ரூஸ்வெல்ட் அந்த மார்ச் 4ஆம் தேதி ஜனாதிபதியாகப் பதவியேற்றார். 31ஆம் தேதி இளைஞர்களுக்கு வேலை தரும் சட்டம் கையெழுத்தானது. ஏப்ரல் 17ஆம் தேதி வர்ஜீனியாக் காட்டில் சி.சி.சி. (சிவிலியன் கன்சர்வேஷன் கோர்) என்ற வேலைப்படையின், பின்னால் இந்தப் பூங்காவைக் கட்டிய படையின், முதல் முகாம் திறந்துவிட்டது. கல்யாணமாகாத 18 முதல் 25 வயது இளைஞர்கள், முகாமுக்குச் சுமார் 200 பேர். மாதம் 30 டாலர் சம்பளம், அதில் ஏறத்தாழ 25 டாலர் நேரே வீட்டுக்குப் போய்விடும். சோறு, துணி, கூடாரம் எல்லாம் ராணுவத்தின் பொறுப்பு. பூங்காக்களில் என்ன கட்டுவது, எப்படிக் கட்டுவது என்பதைத் தேசியப் பூங்காத் துறை பார்த்துக்கொண்டது. 1942இல் கலைக்கப்படும் வரை சுமார் 30 லட்சம் பேர் இதில் வேலை செய்தார்கள்.

இதன் கறையையும் மாணவர்களிடம் மறைக்காதே. இனப் பாகுபாடு கூடாது என்ற வாசகம் சட்டத்திலேயே இருந்தது. அமெரிக்க நாடாளுமன்றத்தில் அன்றிருந்த ஒரே கறுப்பின உறுப்பினரான ஆஸ்கர் டி பிரீஸ்ட் போராடிச் சேர்த்த வாசகம் அது. இருந்தும் 1935 முதல் கறுப்பின இளைஞர்களைத் தனி முகாம்களில் வைப்பதே உத்தரவாக இருந்தது. பெண்களுக்கு இந்தப் படையில் இடமே இல்லை.

சேர்ந்த பையன்களில் பெரும்பாலோருக்குத் தொழில் தெரியாது. அதனால் சுற்றுவட்டாரத்துக் கொத்தனார், தச்சர், கொல்லர்களை அனுபவசாலிகள் என்ற தனிப் பிரிவில் எடுத்தார்கள். வயது வரம்பு அவர்களுக்குப் பொருந்தாது. ஒரு கைதேர்ந்த கொத்தனாரின் கீழ் பத்துப் பையன்கள் கல் உடைத்துக் கற்றார்கள். திட்டத்தின் நோக்கமே பணம் கூலியாகப் போய்ச் சேர வேண்டும் என்பதுதான். ஆகவே பொருளுக்குச் செலவு குறைவு, கைவேலை அதிகம். உள்ளூர்க் கல், உள்ளூர் மரம், கையால் அடித்த இரும்பு. இந்தப் பூங்காக்களின் அழகுக்குக் கட்டடக் கலைஞர்களைப் புகழ்வார்கள். புகழட்டும். ஆனால் அந்த நிதி ஏற்பாடு இல்லாமல் அப்படிப்பட்ட வரைபடத்தை எவரும் கட்டி முடித்திருக்க முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

பாஸ்ட்ராப்புக்கு 1805ஆம் கம்பெனி, 1811ஆம் கம்பெனி என்ற இரண்டு அணிகள் வந்தன. 1933 நவம்பரில் தொடங்கி 1939 வரை வேலை நடந்தது. கட்டடக் கலைஞர் ஆர்தர் ஃபேர். அங்கே இருப்பது லாப்லாலி என்ற வகைப் பைன் மரக் காடு. கிழக்கு டெக்சாஸின் பெரிய பைன் காட்டிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர் விலகித் தனியாக நிற்பதால் ‘தொலைந்த பைன்கள்’ என்பார்கள். அந்த மண்ணின் செம்பழுப்பு மணற்கல்லில் உணவுக்கூடமும் கேபின்களும் எழுந்தன. முகாமின் தச்சுப்பட்டறையில் செய்த மேசை நாற்காலிகள் மேற்கு டெக்சாஸின் டேவிஸ் மலையிலுள்ள இந்தியன் லாட்ஜ் விடுதிக்கும் போயின. அந்த விடுதியையும் கட்டியது இதே படைதான், ஆனால் அங்கே சுவர் பச்சைமண் செங்கல், மேல்தளம் மரக்கட்டையும் நாணலும். இடத்துக்கு இடம் பொருள் மாறியிருப்பதை இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துக் காட்டு.

இனி கல்லுக்கு வருவோம். உடைக்க வேண்டிய கோட்டில் அரைச்சாண் இடைவெளியில் வரிசையாகத் துளை போடுவார்கள். ஒவ்வொரு துளையிலும் இரண்டு இரும்புத் தகடு, அவற்றுக்கு நடுவே ஆப்பு. ஒரே ஆப்பை ஓங்கி அடித்தால் கல் கோணலாகப் போகும். வரிசையாக ஒவ்வொன்றுக்கும் ஒரு தட்டு, மறுபடி முதலிலிருந்து. ஆப்பின் ஓசை மாறியதும் நிறுத்திக் காத்திருந்தால் கல் தானே பிளக்கும். பிளந்த முகத்தில் அரைக்குழாய்த் தடம் தங்கிவிடும். வெளியே தெரியும் கல்லில் அந்தத் தடம் வராமல் பார்த்துக்கொள்வது, இயற்கையோடு ஒட்டிக் கட்டும் இந்தப் பாணியின் ஒழுங்கு. பாறையில் வெயில்பட்டுப் பாசி படிந்த முகம்தான் வெளிப்பக்கம் வர வேண்டும். பெரிய கல் அடியில், சிறியது மேலே.

எல்லாவற்றையும்விட முக்கியமானது படுக்கை வாட்டம். மணற்கல் அடுக்கடுக்காகப் படிந்தது. பூமியில் எப்படிக் கிடந்ததோ அப்படியே சுவரிலும் கிடக்க வேண்டும். அகலமான முகம் கிடைக்கிறதே என்று நிமிர்த்தி வைத்தால், அடுக்குகளுக்கு இடையே நீர் இறங்கி முகம் ஏடு ஏடாக உரியும். உரியும் கல்லைக் கண்டதும் மாணவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அடுக்குக் கோடு எந்தத் திசையில் ஓடுகிறது என்பதைத்தான்.

இரண்டாவது கேடு, பழுதுபார்ப்பவர்கள் செய்வது. சுவரில் புகும் ஈரம் வெளியேற வழி வேண்டும், அந்த வழி கற்களுக்கு இடையேயுள்ள சந்தில் பூசும் கலவைதான். கல்லைவிடக் கடினமான சிமென்ட் கலவையால் பூசினால் ஈரம் கல்லின் வழியாக வெளியேறும், உப்பையும் கூடவே இழுத்துவரும். சில வருஷத்தில் கலவை மட்டும் துருத்தி நிற்க, சுற்றியுள்ள கல் பொடியாகும். மென்மையான மணற்கல்லுக்கு ஒரு பங்கு சிமென்ட், இரண்டு பங்கு சுண்ணாம்பு, ஒன்பது பங்கு மணல் போதும். பழைய கலவையைச் சந்தின் அகலத்தைப்போல் இரண்டு, இரண்டரை மடங்கு ஆழத்துக்குக் கை உளியால் எடுக்க வேண்டும். கட்டிங் மெஷின் ஒரு முறை வழுக்கினால் கல்லின் ஓரம் போச்சு. எடுத்த பின் சுவரை நனை. கலவையைக் கால் அங்குலப் படலமாக வை, விரல் அழுத்தினால் தடம் மட்டும் விழும் பதம் வந்ததும் அடுத்த படலம். ஈரச் சாக்கு போட்டுச் சில நாள் காக்க வேண்டும். நிறம் மணலிலிருந்துதான் வருகிறது. பழைய கலவைத் துண்டை நீர்த்த அமிலத்தில் கரைத்து, அடியில் தங்கும் மணலைப் பார்த்து அதற்கு இணையான மணலைத் தேடு.

2011 செப்டம்பர் 4ஆம் தேதி, கடும் வறட்சியும் பலத்த காற்றும் சேர்ந்த நேரத்தில் மின்கம்பிகளில் மரம் விழுந்து தீப் பிடித்தது. சுமார் 34,000 ஏக்கர் எரிந்தது. 1,600க்கும் மேற்பட்ட வீடுகள் போயின, இருவர் இறந்தார்கள். பூங்காவின் 96 சதவீதம் கருகியது. ஆனாலும் இரண்டு காட்சி மேடைகள் தவிர சி.சி.சி. கட்டடங்கள் தப்பின. கல்சுவர் எரியாது என்று சொல்லி இதை முடித்துவிடாதே. இத்தகைய கட்டடத்துக்குக் கூரைதான் எமன்: இறவாணத்திலும் கூரை மடிப்பிலும் தேங்கிய பைன் சருகில் ஒரு பொறி விழுந்தால் போதும். தீயணைப்பு வீரர்கள் கட்டடம் கட்டடமாக நின்று காத்தார்கள். காட்டுக்குள் கட்டடம் வைத்திருப்பவர்களுக்குச் சருகு கூட்டுவது முதல் பராமரிப்பு வேலை.

தீக்குப் பிறகு வருவது நீர். எரிந்த மண்ணின் மேற்பரப்பு தண்ணீரைக் குடிக்காது, மழை அப்படியே ஓடும். கருகிய கிளைகள் சாலைக்கு அடியில் நீர் போகும் குழாய்ப் பாலத்தின் வாயை அடைக்கும், நீர் சாலைமேல் ஏறி மறுபக்கக் கரையை அரிக்கும். முகப்புக் கல்சுவர் நேராக நிற்பதை நம்பாதே. உள்ளே இரும்புக் குழாயின் அடிப்பாகம் துருவேறி மண் சரிந்துகொண்டிருக்கலாம். சரிவில் எரிந்த மரங்களைச் சமவுயரக் கோட்டில் கிடத்துவது நல்ல தடுப்பு. ஆனால் மூன்றில் ஒரு பங்காவது மண்ணில் புதைத்து, மேல்பக்கம் மண் அணைத்து, இரு முனையையும் மேட்டுப்பக்கம் சற்றே வளைக்க வேண்டும். அடியில் ஒரு சந்து இருந்தாலும் அங்கே ஓடை பிறக்கும். 2015 மே 25ஆம் தேதிப் பெருமழையில் பூங்கா ஏரியின் கரையே உடைந்தது.  கரை, கலிங்கு பற்றி நம்மூர் ஏரிகளை வைத்தே நீ விளக்கிவிடுவாய், நான் நீட்டவில்லை.

கருகிய இடங்களில் லட்சக்கணக்கான பைன் கன்றுகள் நட்டிருக்கிறார்கள். வேறிடத்துப் பைன் இந்த வறட்சியைத் தாங்காது என்பதால் இதே காட்டு வம்சத்து விதையைத் தேடி எடுத்தார்கள்.

வகுப்புக்கு வரைபடங்கள் வேண்டுமானால் சொல், அனுப்புகிறேன். பதிலுக்கு ஒன்று தெரிய வேண்டும்: உங்கள் பக்கத்தில் கோயில் திருப்பணி செய்யும் கொத்தனார்கள் இப்போது சுண்ணாம்பை எத்தனை நாள் ஊற வைக்கிறார்கள், கடுக்காய்த் தண்ணீர் என்ன அளவில் சேர்க்கிறார்கள்? விசாரித்து எழுது.

அன்புடன்,
சண்முகம்