மிக்ஸி வாரண்டி மறுப்பும் என் படத்தில் எடுத்த இருப்பிடமும்

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர்

பொருள்: அனுமதியின்றி இருப்பிடத் தகவலைப் பயன்படுத்தி வாரண்டியை மறுத்தது தொடர்பாக

ஐயா / அம்மா,

உங்கள் மிக்ஸி அம்மா வீட்டில் புகைந்து நின்றுவிட்டது. வாரண்டி காலம் முடியவில்லை. புகார் பதிய உங்கள் ஆப்பைத் திறந்தபோது இருப்பிட அனுமதி கேட்டது, மறுத்துவிட்டேன். ரிப்பேர் பண்ண வரும் ஆளுக்கு முகவரி போதும், அதைத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேனே.

அப்புறம் உங்கள் சேவை மையத்திலிருந்து பேசியவர், மிக்ஸியின் படத்தை வாட்ஸப்பில் போடாமல் மின்னஞ்சலில் ஒரிஜினலாக அனுப்பச் சொன்னார். வாட்ஸப்பில் தெளிவு குறையும் என்றார். அனுப்பினேன். வந்த பதில் இது: "படம் எடுக்கப்பட்ட இடம் உணவகம். வணிகப் பயன்பாட்டுக்கு வாரண்டி செல்லாது."

போன் கேமராவில் இருப்பிடக் குறி ஆனில் இருந்தால், எடுக்கும் படத்துக்குள்ளேயே அட்சரேகை, தீர்க்கரேகை, நேரம், போன் மாடல் எல்லாம் எக்ஸிஃப் என்ற பெயரில் பதிந்துவிடும். படத்தை வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது இருப்பிடத்தை நீக்கிவிடும், மின்னஞ்சல் அப்படியே கொண்டுபோய்ச் சேர்க்கும். 2012-இல் தலைமறைவாக இருந்த, மெக்காஃபி வைரஸ் தடுப்பு மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கிய ஜான் மெக்காஃபி குவாத்தமாலாவில் இருப்பது வெளிப்பட்டதும் ஒரு பத்திரிகை வெளியிட்ட ஐபோன் படத்தின் எக்ஸிஃபால்தான். போலீஸ் தேடிய ஆளுக்கு நடந்தது, மிக்ஸி ரிப்பேருக்குப் படம் அனுப்பிய எனக்கும் நடந்திருக்கிறது. ஆப்பில் நான் மறுத்ததை நீங்கள் படத்தின் வழியாக எடுத்துக்கொண்டீர்கள்.

எடுத்ததையாவது சரியாகப் படித்தீர்களா? அம்மாவின் வீடு முதல் மாடியில் இருக்கிறது, கீழே ஒரு மெஸ். வரைபடத்தில் குத்திய புள்ளிக்கு மாடியும் தெரியாது, தரைத்தளமும் தெரியாது. மெஸ்காரர் இட்லிக்கு மாவரைப்பது பெரிய கிரைண்டரில். எங்கள் மிக்ஸியில் அரைபடுவது ஒருவருக்கான தேங்காய்ச் சட்னி.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்தது. 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமே ஒரு உதாரணம் தருகிறது: தொலைமருத்துவ ஆப் ஒன்று போனிலுள்ள தொடர்புப் பட்டியலையும் கேட்டு, பயனாளர் சரி என்று சொல்லிவிட்டாலும், மருத்துவத்துக்கு அது தேவையில்லை என்பதால் அந்தச் சம்மதம் அதற்குச் செல்லாது. நானோ சம்மதமே தரவில்லை. சட்டத்தின் எந்தப் பிரிவு எப்போது அமலாகிறது என்று உங்கள் சட்டப் பிரிவு கணக்குப் போடலாம், அதற்காக நீங்கள் செய்தது நியாயம் ஆகிவிடாது.

மறுப்பை ரத்து செய்து மிக்ஸியை வாரண்டியில் சரிசெய்து தாருங்கள். என் படத்தில் எடுத்த இருப்பிடத்தை உங்கள் பதிவுகளிலிருந்து அழித்து, அதை யார் யார் பார்த்தார்கள், வேறு யாருக்காவது கொடுத்தீர்களா என்று எழுத்தில் தெரிவியுங்கள். ஒரிஜினல் படம் கேட்கும்போது அதிலுள்ள இருப்பிடத்தையும் படிப்பீர்கள் என்றால், அதை முதலிலேயே வாடிக்கையாளரிடம் சொல்லச் சொல்லி உங்கள் சேவை மையத்துக்கு உத்தரவிடுங்கள்.

15 நாளில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவேன். அங்கும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். உங்கள் மறுப்பு மின்னஞ்சலையும் நான் அனுப்பிய படத்தையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்