தேன்பழ மரத்தில் வருவது தேன்சிட்டு இல்லை

தண்டையார்பேட்டை
ஞாயிறு காலை

அன்புள்ள செல்வம்,

நீ எடுத்த பறவைப் படங்கள் பதினாலும் வந்தன. அடுத்த தடவை வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்பு. படமாக அனுப்பினால் சுருங்கிவிடுகிறது. இறகின் கோடெல்லாம் குழைந்துபோய், பறவையை அடையாளம் சொல்ல முடியவில்லை.

முதலில் உன் கேள்வி. உன் மணலி வீட்டுப் பின்பக்கத்துத் தேன்பழ மரத்தில் பழத்தைப் பிதுக்கித் தின்கிறதே, கட்டைவிரல் அளவுக் குருவி, அது தேன்சிட்டு இல்லை, பூங்கொத்தி. அலகைப் பார்: குட்டை, லேசான வளைவு, வெளிறிய இளஞ்சிவப்பு. தேன்சிட்டின் அலகு கறுப்பு. நீண்டு நன்றாக வளைந்திருக்கும். பூங்கொத்திக்கு வாலும் குட்டை, உடம்பு மொத்தமே 8 செ.மீ. தான். அதுவும் பூவில் வாய் வைக்கும், அதனால்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். "சிக் சிக்" என்று விடாமல் கத்திக்கொண்டே கிளை மாறும். அந்தச் சத்தம் பழகிவிட்டால் படமே வேண்டாம்.

ஏழாவது படத்தில் இருப்பதுதான் நிஜத் தேன்சிட்டு. வயிறு மஞ்சள், தொண்டையிலிருந்து கீழே ஒரு கறுப்புக் கோடு. புது இனமோ என்று எழுதியிருக்கிறாய். இல்லையப்பா, ஊதாத் தேன்சிட்டு ஆண்தான். இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் பளபளப்பைக் கழற்றிவிடும். பெண்ணுக்கு அந்தக் கோடு கிடையாது. தொண்டை வெளுப்பாகவும் மார்பு மஞ்சளாகவும் இருந்தால் அது ஊதாப்பிட்டுத் தேன்சிட்டின் பெண். பத்தாவது படத்தைப் பருந்துக் குஞ்சு என்கிறாயே! பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி, சிவந்த கண். பெண் குயில் அது. கறுப்பாக இருக்கும் ஆணைத்தான் நாம் குயில் என்று பழகியிருக்கிறோம்.

இனி படமெடுக்கும் விஷயம். உன் படங்களில் பாதி வெறும் கறுப்பு நிழல். காரணம், கீழே நின்று வானத்தைப் பார்த்து எடுக்கிறாய். கேமரா வானத்தின் வெளிச்சத்துக்கு அளவெடுக்கிறது, பறவை இருண்டுபோகிறது. மொட்டைமாடிக்குப் போ. தேன்பழ மரம் பெரிய உயரம் வளராது. மாடியில் நின்றால் அதன் தலை உன் கண்மட்டத்துக்கு வரும், பின்னணியில் இலை கிடைக்கும். வானம்தான் பின்னணி என்றால் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) +1 முதல் +1.7 வரை ஏற்று. கறுப்பு ஆண் குயில் இலைக்குள் வந்து உட்கார்ந்தால் மறக்காமல் 0-க்கு இறக்கு, -0.3 கூடப் போகலாம். இல்லையென்றால் கறுப்பு சாம்பலாகிவிடும்.

உன் 300 மி.மீ. லென்ஸும் ஏபிஎஸ்-சி சென்சாரும் (கேமராவுக்குள் படம் பதியும் சில்லு) 4 மீட்டரில் 31 செ.மீ. அகலத்தைக் காட்டும், 10 செ.மீ. குருவி அதில் மூன்றில் ஒரு பங்கு. 8 மீட்டருக்குப் போனால் ஆறில் ஒரு பங்கு. ஆகவே கிட்டே போவதுதான் வழி, பெரிய லென்ஸுக்குக் காசு போடாதே. கைப்பிடிச் சுவர் ஓரமாகக் கொடியில் ஒரு பழைய பழுப்பு வேட்டியைக் கட்டி, அதன் பின்னால் அசையாமல் உட்கார். கொஞ்ச நேரத்தில் குருவிகளுக்குப் பழகிவிடும். காலை 6 முதல் 8 மணி வரை, சூரியன் உன் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும்.

ஆனால் கிட்டே போனால் இன்னொரு சிக்கல். 4 மீட்டரில் லென்ஸ் துவாரத்தை எஃப் 6.3-இல் வைத்தால் முன்பின் சேர்த்து 4, 5 செ.மீ. ஆழம்தான் தெளிவாக விழும். குருவி உன்னை நேராகப் பார்த்தால் அலகு தெளிந்து வால் கலங்கும். பக்கவாட்டில் திரும்பும்வரை பொறு. ஃபோகஸ் ஒற்றைப் புள்ளியில், கண்ணின் மேல். புள்ளிகளைக் கேமராவின் இஷ்டத்துக்கு விட்டால் முன்னால் நிற்கும் இலையைத்தான் பிடிக்கும்; உன் மூன்றாவது படத்தில் தேன்பழ இலையின் ரோமம்கூடத் தெரிகிறது, குருவியைக் காணோம்! சும்மா உட்கார்ந்திருக்கும் குயிலுக்கு ஷட்டர் வேகம் 1/500 நொடி போதும். பூங்கொத்திக்கு 1/1000-க்குக் குறையாதே. மழைக்காலத்து மூட்டத்தில் ஐஎஸ்ஓ-வை (சென்சாரின் ஒளி உணர்திறன்) 3200 வரை விடு. புள்ளி விழுந்த படத்தில் பெயர் சொல்லலாம், ஆடிப்போன படத்தில் முடியாது.

ஏசி அறையிலிருந்து கேமராவை நேரே மாடிக்குக் கொண்டுபோகாதே, லென்ஸ் வேர்க்கும். பையை மூடியபடி அரை மணி வெளியே வைத்துவிட்டுத் திற. நம் பக்கம் உப்புக்காற்றும் லாரிப் புழுதியும் சேர்ந்தே வருகின்றன. முதலில் ஊதுபந்தால் ஊது, அப்புறம்தான் துணி. தூசியோடு துடைத்தால் கண்ணாடியில் கீறல் விழும்.

பறவையை அடையாளம் காட்டும் மெர்லின் செயலி சொல்வதை யோசனையாக மட்டும் எடுத்துக்கொள். செல்போனில் பறவைக் குரலை ஓட்டிக் கூப்பிடும் வேலை மட்டும் வேண்டாம். இன்னொரு பறவை தன் எல்லைக்குள் வந்துவிட்டதென்று நினைத்து, குரலைக் கேட்கும் பறவை தீனியை விட்டு அலையும். பொங்கலை ஒட்டி நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் மாடியிலிருந்தே சேர்ந்துகொள்ளலாம், 15 நிமிடம் பார்த்து எண்ணினால் ஒரு பட்டியல்.

பதினாலாவது படத்து மஞ்சள் பறவைக்கு மட்டும் பெயர் சொல்ல மாட்டேன். வயிறும் வாலும்தான் தெரிகின்றன. கண்ணின் கறுப்புக் கோடு கண்ணைக் கொஞ்சம் தாண்டி நின்றுவிட்டால் மாங்குயில். பிடரியைச் சுற்றி வந்தால் கருப்புப்பிடரி மாங்குயில். தலை முழுக்கக் கறுப்பென்றால் கருந்தலை மாங்குயில். மறுபடி வந்தால் முகத்தை எடுத்து அனுப்பு.

அன்புடன்,
குமார்