முள் தெரியாத மீட்டர்

அன்புள்ள மணி,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. முழங்கால் வலி, பேத்தியின் தேர்வு, நடுவில் தீபாவளிக்கு நானே முறுக்குச் சுடுகிறேன் என்று கிளம்பி வீட்டைப் புகைமண்டலமாக்கியது. இப்படியே நாள் ஓடிவிட்டது. ஈப்போவில் மழை விட்டதா? உன் மாமரம் இந்த வருடமாவது காய்த்ததா?

"உங்கள் சிங்கப்பூரில் எதைத் தொட்டாலும் இயந்திரம், உனக்குப் பயமாக இல்லையா?" என்று கேட்டிருந்தாய். பயம் என்று சொல்ல மாட்டேன். நாம் இரண்டு பேரும் செம்பவாங் பட்டறையில் அழுத்தம் காட்டும் கேஜ் முள்ளைப் பார்த்தே காலம் தள்ளியவர்கள். கண்ணாடியில் எண்ணெய் படிந்திருந்தால், அதைத் துடைக்காமல் நீ வால்வைத் தொட மாட்டாய். ஃபோர்மன் கத்தினாலும் தொட மாட்டாய். அந்தப் புத்தி இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

2002 தேசிய தினம் நினைவிருக்கிறதா? காலாங் விளையாட்டரங்கில் எல்லாருக்கும் நியூவாட்டர் போத்தல் கொடுத்தார்கள். பிரதமர் கோ சோக் டோங்கும் கூட்டத்தோடு சேர்ந்து போத்தலை உயர்த்திக் குடித்தார். சாக்கடைக்குப் போன தண்ணீரைச் சுத்தம் செய்து குடிப்பது என்றால் சும்மாவா? என் போத்தலை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். உன் தங்கச்சி அதைத் தொடவே இல்லை. "சாமி படத்துக்குப் பக்கத்தில் வைக்காதீங்க" என்றாள்.

இதே வேலைக்கு 1974இலேயே ஒரு சோதனை நிலையம் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். செலவு கட்டுப்படியாகவில்லை, வடிகட்டும் சவ்வுகளையும் நம்ப முடியவில்லை என்று மூடிவிட்டார்கள். பிறகு சவ்வு மலிந்தது, தேறியும் விட்டது. முதலில் நுண்வடிகட்டி, அடுத்து உப்பையும் கிருமியையும் பிடித்து நிறுத்தும் எதிர்ச் சவ்வூடு பரவல், கடைசியில் புற ஊதாக் கதிர். அறிவியல் அவ்வளவுதான். ஆனால் அதோடு நின்றிருந்தால் உன் தங்கச்சி இன்றும் குடித்திருக்க மாட்டாள். பிடோக்கில் பார்வையாளர் நிலையம் திறந்தார்கள், பள்ளிப் பிள்ளைகளைப் பேருந்தில் கூட்டிப்போய்க் குழாயையும் சவ்வையும் காட்டினார்கள். 'கழிவுநீர்' என்ற சொல்லைக்கூட மாற்றி 'பயன்படுத்திய நீர்' என்றார்கள். சொல்லை மாற்றியது கொஞ்சம் தந்திரம்தான், எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் கதவைத் திறந்து காட்டியது தந்திரமில்லை. நியூவாட்டரில் பெரும்பகுதி கணினிச் சில்லுத் தொழிற்சாலைகளுக்குப் போகிறது, கொஞ்சம் நீர்த்தேக்கத்தில் கலந்து நம் குழாய்க்கு வருகிறது. இப்போது உன் தங்கச்சி அந்தக் குழாய்த் தண்ணீரில்தான் சாமிக்குப் பொங்கல் வைக்கிறாள்.

கொவிட் காலத்து டிரேஸ்டுகெதர் கதை வேறு மாதிரி. 2020 மார்ச்சில் செயலி வந்தது, அப்புறம் என்னைப் போன்ற கிழங்களுக்குக் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு சின்னக் கருவி. யார் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று புளூடூத் குறித்து வைத்துக்கொள்ளும், நோய்த்தொற்றுத் தொடர்பைத் தேட மட்டுமே என்றார்கள். நானும் தாயத்து மாதிரி மாட்டிக்கொண்டு திரிந்தேன். 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் தெரிந்தது, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்கீழ் போலீசும் அந்தத் தகவலைக் கேட்டு வாங்க முடியும் என்று. பிப்ரவரியிலேயே சட்டம் கொண்டுவந்து, ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் என்று வரம்பு போட்டார்கள். கொலைகாரனைப் பிடிப்பதில் எனக்கு ஆட்சேபம் கிடையாது. ஆனால் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டாமா? கருவியின் எடை அதேதான், அந்த ஜனவரிக்குப் பிறகு கழுத்தில் கனத்தது.

இதைவிட எனக்குப் பிடித்த சங்கதி 2024இல் நடந்தது. பேருந்திலும் ரயிலிலும் தட்டும் பழைய ஈஸிலிங்க் அட்டையில் காசுக் கணக்கு அட்டையின் சில்லுக்குள்ளேயே இருக்கும். தட்டினால் கட்டணமும் மீதியும் வாசலிலேயே தெரியும். புதிய முறையான சிம்ப்ளிகோவில் அட்டை வெறும் அடையாளம்தான், கணக்கெல்லாம் எங்கோ ஒரு கணினியில். அதனால் அப்போது வாசலில் மீதி தெரியவில்லை, செயலியைத் திறந்துதான் பார்க்க வேண்டியிருந்தது. ஜூன் முதல் பழைய முறை கிடையாது என்று ஜனவரி 9இல் அறிவித்தார்கள். என்னுடையது மூத்தோர் சலுகை அட்டை, எனக்கு ஒரு தொல்லையும் இல்லை. ஆனால் காப்பிக் கடையில் அன்று வேறு பேச்சே கிடையாது. "என் காசு எவ்வளவு இருக்குன்னு நான் பார்க்கக் கூடாதா?" என்பதுதான் எல்லார் வாயிலும். ஜனவரி 22இல் முடிவை மாற்றிக்கொண்டார்கள். பழைய முறையைத் தொடர 4 கோடி வெள்ளி கூடுதல் செலவு. வீண் செலவு என்று என் மருமகன் சொல்கிறான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சனங்கள் கேட்டது இரண்டு எண்கள்தான்.

இனிமேல் வருவதுதான் எனக்குப் பிடிபடவில்லை. போன மாதம் சர்க்கரைக்காகக் கண்ணைப் படமெடுத்தார்கள். அந்தப் படங்களைப் பார்த்துச் சொல்ல இங்கேயே ஒரு செயற்கை நுண்ணறிவு நிரல் உருவாக்கியிருக்கிறார்கள், சிலேனா பிளஸ் என்று பெயர். என் படத்தை ஆள் பார்த்தாரா நிரல் பார்த்ததா என்று தாதியிடம் கேட்டேன். சிரித்துக்கொண்டே திரையை என் பக்கம் திருப்பினார். சிவந்த நிலா மாதிரி என் விழித்திரை. "இங்கே கசிவு இருந்தால்தான் கவலை, உங்களுக்கு இல்லை" என்று விரல் வைத்துக் காட்டினார். எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆனால் இந்த மாதிரி நிரல்கள் லட்சக்கணக்கான படங்களிலிருந்து தானாகவே கற்றுக்கொள்பவை. ஒரு படத்தில் எதைக் கண்டு அப்படி முடிவு செய்தது என்று, செய்தவர்களாலேயே முழுதாகச் சொல்ல முடிவதில்லையாம். துடைத்துப் பார்க்க அங்கே கண்ணாடியே இல்லை, மணி. அன்று விரல் வைத்துக் காட்ட அந்தப் பெண் இருந்தார்.

சரி, பொங்கலுக்கு வருகிறேன் என்றாயே, வருவாயா? போன தடவை வாங்கிய ஈஸிலிங்க் அட்டை உன் பர்ஸில் எங்காவது கிடக்கும், எடுத்து வா. காலாவதி ஆகாமல் இருந்தால் அதில் மீதி எவ்வளவு என்று லிட்டில் இந்தியா நிலைய வாசலில் தட்டிப் பார்ப்போம். குறைந்தால் நீதான் தேக்காவில் தேத்தண்ணி வாங்கித் தர வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய பட்டறைக் கூட்டாளி