நோட்டுல இருக்கிற அந்தக் 'கிறுக்கல்' பத்தி

அன்பான அப்பா அம்மாக்களுக்கும், சாயங்காலம் பிள்ளைங்கள உக்கார வச்சுப் படிக்க வைக்கிற தாத்தா பாட்டிங்களுக்கும் வணக்கம்.

போன வாரம் ஒரு அம்மா நோட்டோட வந்து நின்னாங்க. பையன் இங்கிலீஷ் நோட்டு பூரா ஏதோ கிறுக்கி வச்சிருந்தான், ராத்திரி பத்து மணி வரைக்கும் உக்காந்து ஒண்ணு விடாம ரப்பர் வச்சு அழிச்சிட்டேன், பக்கம் கிழியாம பாத்துக்கிட்டேன்னு சொன்னாங்க. அவங்க அழிச்சது கிறுக்கல் இல்லங்க, அகராதியப் பாத்து எழுதிக்கோன்னு நாங்க சொன்ன உச்சரிப்புக் குறிகள். தப்பு அவங்க மேல இல்ல, வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லாம ஆரம்பிச்சது நாங்கதான். இன்னொரு அப்பா இது கிரேக்க மொழியா, புது சப்ஜெக்டா, இதுக்கும் டியூஷன் போகணுமான்னு போன்ல கேட்டாரு. அதனால எல்லாருக்கும் சேத்து எழுதிடுறேன்.

நம்ம பிள்ளைங்க காலங்காலமா செய்யுற ஒரு பழக்கம் இருக்கு, நாமளும் செஞ்சோம். புது இங்கிலீஷ் வார்த்தை வந்தா அதுக்கு மேல பென்சில்ல தமிழ்ல எழுதி வச்சுக்கிறது. ஒரு பையன் நோட்டுல நான் பாத்தது: முதுகுக்கு உள்ள வார்த்தை, தோள்ல மாட்டுற பை, பொட்டலம் கட்டுறது, அடுப்புல ரொட்டி சுடுறது, இந்த நாலுக்கும் மேல ஒரே மாதிரி 'பேக்', 'பேக்', 'பேக்', 'பேக்'. அவன் மேல குத்தமே இல்ல, தமிழ் எழுத்துல அதுக்கு மேல காட்ட வழி இல்ல. பாருங்க, இந்த விஷயத்த விளக்கலாம்னு பைக்கும் பொட்டலத்துக்கும் இங்கிலீஷ்ல முதல்ல வர்ற ரெண்டு எழுத்தோட பேர எழுதப் போனா எனக்கே ரெண்டும் 'பி'ன்னுதான் வருது! தமிழ்ல பிரச்சனை இல்ல, 'படம்'னா ஒரு ப, 'தம்பி'ன்னா ஒரு ப, எங்க எப்படிச் சொல்லணும்னு இடத்த வச்சே நம்ம வாய்க்குத் தெரியும். இங்கிலீஷ்ல அந்த இடக் கணக்கு செல்லாது. அகராதிக் குறியில இந்த நாலு வார்த்தையும் நாலு விதமா இருக்கும், ஒண்ணோட ஒண்ணு குழம்பாது.

இங்கிலீஷோட சிக்கல் என்னன்னா எழுத்து 26, சத்தம் 44. பிரிட்டிஷ் உச்சரிப்புக்கான வழக்கமான கணக்கு இது, உயிர் 20, மெய் 24. பத்தாததுக்கு ஸ்பெல்லிங் ஒரு பக்கம் நிக்குது, சத்தம் ஒரு பக்கம் போயிருச்சு. 1476ல இங்கிலாந்துக்கு அச்சு இயந்திரம் வந்து ஸ்பெல்லிங் கொஞ்சம் கொஞ்சமா கெட்டிப்படுற நேரத்துலயேதான் ஜனங்க வாயில உயிர் சத்தங்கள் இடம் மாறிக்கிட்டு இருந்துச்சு. முழங்காலுக்கும் கத்திக்கும் இங்கிலீஷ் வார்த்தையில முன்னாடி சும்மா நிக்குதே 'கே', அதையும் ஒரு காலத்துல வாய்விட்டுச் சொன்னவங்கதான் அவங்க. அதனால எழுத்தப் பாத்து சத்தத்த கண்டுபிடின்னு பிள்ளையத் திட்டுறதுல நியாயமே இல்ல.

இதுல நானும் மாட்டியிருக்கேன். குழாய் ரிப்பேர் பண்றவர வருஷக்கணக்கா 'ப்ளம்பர்'னு சொல்லி, வகுப்புலயும் அப்படியே சொல்லிக் குடுத்தேன். ஒரு நாள் வேற ஏதோ தேடப் போய் அகராதியில அந்த வார்த்தை கண்ணுல பட்டுச்சு, பாத்தா குறியில 'ம்'முக்கு அடுத்து வர்ற 'ப்' சத்தமே இல்ல, 'ப்ளம'ங்கிற மாதிரி முடிஞ்சு போச்சு. ஈயத்துக்கு லத்தீன்ல 'ப்ளம்பம்', அந்த ஞாபகார்த்தமா எழுத்து மட்டும் நிக்குது. அன்னிக்கு வகுப்புக்குப் போய் பசங்ககிட்ட சொல்லிட்டேன், இவ்வளவு நாள் தப்பா சொன்னேன்பான்னு.

இந்தக் குறிகளும் வாத்தியாருங்க வேலைதான். 1886ல பாரிஸ்ல மொழி சொல்லிக்குடுக்கிற ஆசிரியர்கள் கொஞ்ச பேரு சேந்து ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க, ரெண்டு வருஷத்துல, 1888ல, முதல் குறிப்பட்டியல் வந்துச்சு. ஒரு சத்தத்துக்கு ஒரு குறி, அவ்வளவுதான் கொள்கை. சத்தம் எங்க பிறக்குதுன்னு பாத்து அடுக்குறது நமக்குப் புதுசு இல்ல, தொல்காப்பியத்துல பிறப்பியல்னு ஒரு தனி இயலே இருக்கு, பல்லு உதடு நாக்கு மூக்கு அண்ணம்னு அங்கயும் பேச்சு அதேதான்.

பாத்துப் பயப்படாதீங்க. மெய் 24ல 16 குறி உங்களுக்குத் தெரிஞ்ச அதே எழுத்து, அதே சத்தம். மிச்சம் எட்டு. அதுல ஒண்ணு ஏமாத்தும், பாக்க 'ஜே', ஆனா சத்தம் 'யெஸ்'ல வர்ற 'ய்'. வாலு தொங்குற 'என்' இருந்தா 'ங்'. நெட்டையா கொக்கி மாதிரி வளைஞ்சு நின்னா 'ஷ்'. வயித்துல கோடு போட்ட முட்டை மாதிரி இருக்கிறது (இது நிஜமாவே கிரேக்க எழுத்துதான், அந்த அப்பா கேட்டது சரி) 'தேங்க்ஸ்'ல முதல்ல வர்ற சத்தம், ஆனா நம்ம 'த' இல்ல. நம்ம 'த'வுக்கு நாக்கு பல்ல முட்டி காத்த நிறுத்திடும், இதுக்கு நாக்கு நுனி பல்லுக்கு இடையில லேசா இருக்க காத்து கசிஞ்சுக்கிட்டே போகணும்.

உயிருல எனக்குப் பிடிச்சது ஷ்வா, அதாவது தலைகீழா கவுத்து வச்ச சின்ன இங்கிலீஷ் 'ஈ'. இங்கிலீஷ்ல அதிகமா வர்ற உயிர் சத்தம் அதுதான், அதுக்குன்னு தனி எழுத்து கிடையாது. காலர், டீச்சர், டாக்டர், மூணும் கடைசியில ஸ்பெல்லிங் வேற வேற, குறியில மூணுக்கும் அதே கவுந்த எழுத்துதான். 'பனானா'வுல 'ஏ' மூணு தடவ வருது, நடுவுல இருக்கிறதுக்கு மட்டும்தான் அழுத்தம், முன்னாடியும் பின்னாடியும் ஷ்வா. நாம எல்லா அசையையும் சமமா அழுத்துறோம், நம்ம இங்கிலீஷ் வெளியாளுக்குப் புரியாம போறது பாதி நேரம் இதனாலதான், ஆக்சென்ட்டால இல்ல. மேல நிக்கிற குட்டிக் கோடு அந்த அழுத்தத்துக்குத்தான், அழுத்துற அசைக்கு முன்னாடி நிக்கும். ஃபோட்டோகிராஃப்னா முதல் அசையில, ஃபோட்டோகிராஃபின்னா ரெண்டாவதுல, ஃபோட்டோகிராஃபிக்னா மூணாவதுல, ஒவ்வொரு படியா நகந்து போறத நோட்டுல ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா எழுதிப் பாத்தா பசங்களுக்கு ஒரே குஷி.

ஃபோன்ல ஸ்பீக்கர் பட்டன அழுத்தினா சொல்லுதே, இது எதுக்குன்னு கேப்பீங்க. அதையும் கேக்கட்டும், நல்லதுதான். ஆனா காது தன் மொழியோட சல்லடையிலதான் கேக்கும். மேற்குக்கும் உள்ள போடுற பனியனுக்கும் உள்ள இங்கிலீஷ் வார்த்தைய பத்து தடவ போட்டுக் காட்டினாலும் பிள்ளைக்கு ரெண்டும் 'வெஸ்ட்'தான். குறி வேறயா இருக்கேன்னு கண்ணு சொன்ன பெறகுதான் காது தேட ஆரம்பிக்குது. அப்ப ஒரு கண்ணாடிய கையில குடுங்க. மேற்குக்கு உதடு குவியணும், பல்லு படக்கூடாது, பனியனுக்கு மேல்பல்லு கீழ் உதட்டுல உரசணும். பொட்டலம், பை ரெண்டுக்கும் வாய்க்கு முன்னாடி மெல்லிசா ஒரு பேப்பர் துண்டப் பிடிங்க, பொட்டலத்துக்குப் பேப்பர் ஆடும், பைக்கு அவ்வளவா ஆடாது.

பரீட்சையில இது வராது, மார்க் கிடையாது, டியூஷன் வேண்டவே வேண்டாம். படிக்கத் தெரிஞ்சா போதும், மனப்பாடம் பண்ண வைக்காதீங்க. அமெரிக்க அகராதியப் பாத்தா குறி கொஞ்சம் மாறும், சிலது சொந்தமா வேற முறையே வச்சிருக்கும், அதனால வீட்டுல எது இருக்கோ அந்த ஒண்ணையே பாக்கட்டும். அழிஞ்சு போன பக்கத்தப் பத்திக் கவலைப்பட வேண்டாம், பையன் திரும்ப எழுதிட்டான்.

அன்புடன்,
தலைமையாசிரியர்

பின்குறிப்பு: நம்ம 'ழ'வுக்குக் குறி இருக்கான்னு ஆறாவது படிக்கிற ஒரு பொண்ணு கேட்டா. இங்கிலீஷ் அகராதியில இருக்காது, அந்தச் சத்தம் அங்க இல்ல. ஆனா உலக மொழிகளுக்கான முழுப் பட்டியல்ல இருக்கு, கவுத்து வச்ச 'ஆர்', கீழ வலது பக்கமா ஒரு வால். 'தமிழ்'ங்கிறத அந்த வால் போட்டு நோட்டோட கடைசிப் பக்கத்துல எழுதி வச்சிருக்கா, அவங்க வீட்டுல யாரும் ரப்பர எடுத்துராதீங்க.